பட்டாசு விபத்தில் தப்பிய தம்பிக்கு அக்குபங்சர் பார்க்கலாமா?

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்த அவருடைய தம்பி, ஆறு மாதத்துக்கு முன்பு நடந்த வெடிவிபத்தில் உயிர் தப்பியிருக்கிறார். கையில் பட்ட தீக்காயம் ஆறிவிட்டது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. நடுராத்திரியில் அலறி எழுகிறார். தெருவில் சாவுக்கு வேட்டுப் போட்டால் உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு நாள் போடுகிறார், இரண்டு நாள் விடுகிறார். மதுரையில் ஓர் அக்குபங்சர் மையத்தில் விசாரித்தபோது, "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு வாங்க, பத்து சிட்டிங்ல சரியாக்கிடலாம்" என்றார்களாம். வீட்டுப் பெரியவர்களோ, "பயந்த கோளாறு, மந்திரிச்சாப் போதும்" என்கிறார்கள். அக்குபங்சருக்குப் போகலாமா, கூடாதா?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. அக்குபங்சரில் உடம்பின் சில புள்ளிகளில் போடும் மெல்லிய ஊசி, இந்த நோய்க்கு ஏதாவது செய்யுமா என்பது ஒன்று. மாத்திரைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், செய்யக்கூடும், ஓரளவு. இரண்டாவதற்கு, கூடாது. இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

நான் பி.என்.ஒய்.எஸ். படித்த இயற்கை மருத்துவர். அந்த ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். மதுரையில் பல வருடமாக ஊசி போட்டு வருகிறேன். விபத்து, தீக்காயம், வீட்டில் அடி உதை இவற்றுக்குப் பிறகு தூக்கம் கெட்டு வருகிறவர்களைப் பெரும்பாலும் மனநல மருத்துவர்களே என்னிடம் அனுப்புகிறார்கள். மனநல மருத்துவம் என் துறை அல்ல. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன். நேரில் பார்க்காமல் உங்கள் தம்பிக்கு என்ன நோய் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய், என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை போலத் தெரிகிறது. நடந்தது கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, மனம் மரத்துப் போவது அல்லது குற்ற உணர்ச்சியில் புழுங்குவது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அந்தப் பெயரைச் சொல்வார்கள். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. நம் ஊர்களில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே "பயந்துட்டான்" என்று சொல்லி வருகிறோம்.

இந்த நிலைக்கு எது பலன் தரும் என்பதில் நன்றாக நிறுவப்பட்டவை சில உண்டு. நடந்ததை ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகரோடு பாதுகாப்பாக, படிப்படியாக எதிர்கொள்ளும் பேச்சுச் சிகிச்சைதான் முதல் வரிசை. எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதற்கென்றே வகுக்கப்பட்ட முறைகள் இருக்கின்றன. கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இரண்டையும் பரிந்துரைத்தது. மருந்துகளில் செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்றவை. அவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். ஒரு நாள் போட்டு இரண்டு நாள் விட்டால் பக்கவிளைவு மட்டும் கிடைக்கும், பலன் கிடைக்காது. "மாத்திரை கேக்கலை" என்று உங்கள் வீட்டில் நினைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இனி அக்குபங்சர். நாங்கள் போடும் ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஊசி இறங்கியதும் அந்த இடத்தில் ஒரு கனம், மந்தமான ஒரு இழுப்பு தெரியும். தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு முனைகள் தூண்டப்பட்டுத் தண்டுவடம் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது, மூளை தன் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கிறது. இது கற்பனை அல்ல. மார்ஃபின் போன்றவற்றின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசி தரும் வலி நிவாரணம் குறைகிறது என்று 1970களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஊசியோடு படுத்திருப்பவரின் மூச்சு நிதானமாவதையும் தோள் இறங்குவதையும் நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் வரையப்பட்டிருக்கும் ஆற்றல் பாதைகளை உடலை அறுத்துப் பார்த்து யாரும் கண்டதில்லை. அவற்றை நான் ஊசி போடும் இடத்துக்கான வரைபடமாக வைத்துக்கொள்கிறேன். நோயாளியிடம் அதை உடற்கூறு உண்மையாகச் சொல்வதில்லை.

அதிர்ச்சிக்குப் பிந்தைய நிலையில் நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் அதிகம் இல்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், அக்குபங்சர் பெற்றவர்களும் குழுவாகப் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் அந்த அளவு தேறவில்லை. அந்த ஆய்வை நடத்திய மருத்துவரின் தலைமையிலேயே 2024-இல் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் கடினமான கேள்வியைக் கேட்டது. போரில் பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்கள் 93 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு முறையான புள்ளிகளிலும், இன்னொரு சாராருக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகவும் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் வீதம் 24 அமர்வுகள் வரை. இரு சாராரும் தேறினார்கள், முறையான ஊசி பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். திடுக்கிடும் அனிச்சையைக் கருவியால் அளந்ததிலும் அவர்களிடம் மாற்றம் தெரிந்தது. வேட்டுச் சத்தத்துக்கு நடுங்கும் ஒருவரைப் பற்றி நாம் பேசுவதால் இந்தக் கடைசி விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே முடிவை மறுபக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். தவறான இடத்தில் போட்ட ஊசியும் ஓரளவு வேலை செய்திருக்கிறது. அப்படியானால் பலனில் ஒரு பங்கு புள்ளியிலிருந்து வரவில்லை. ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்தது, ஒருவர் அக்கறையோடு கவனித்தது, குணமாகும் என்ற நம்பிக்கை ஆகியவற்றிலிருந்தும் வந்திருக்கலாம். எந்தப் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்களும் ஒரே மருத்துவமனையின் முன்னாள் படைவீரர்கள், பெரும்பாலும் ஆண்கள். பட்டாசுத் தொழிலாளியிடம் அப்படியே பொருந்துமா என்பது திறந்த கேள்விதான். இந்த ஆய்வு வருவதற்கு முன்பு, அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பி.டி.எஸ்.டி.க்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்கவோ வேண்டாமென்று சொல்லவோ போதிய சான்று இல்லை என்றது. இன்றும் நான் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். "பத்து சிட்டிங்ல சரியாகும்" என்ற உறுதிமொழிக்கு எந்த ஆய்விலும் இடமில்லை. 24 அமர்வு வரை கொடுத்த ஆய்வுகூட அப்படிச் சொல்லவில்லை.

காதில் ஐந்து ஊசி போடும் முறை ஒன்றும் உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் லிங்கன் மருத்துவமனையில், 1970களில் போதை மீட்புக்காக வளர்ந்த முறை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்நகரில் அதிர்ச்சிக்குள்ளானவர்களுக்கும் இதைக் கொடுத்தார்கள். சட்டையைக் கழற்ற வேண்டாம், படுக்க வேண்டாம், நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், பலரோடு சேர்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். பயந்தவர்களுக்கு இது ஏற்றது என்பதால் எனக்குப் பிடித்த முறை. ஆனால் எந்தப் போதைக்காக அது வளர்ந்ததோ அதிலேயே, கொக்கெயின் பழக்கமுள்ள 620 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், போலி ஊசியைவிட அது மேலாக இல்லை. ஆகவே அமைதிப்படுத்தும் உதவியாக அதைக் கொடுக்கிறேன், குணமாக்கும் மருந்தாகக் கொடுப்பதில்லை.

என் அனுபவத்தில் முதலில் திரும்புவது தூக்கம். முழுதாக அல்ல, நான்கு முறை எழுந்தவர் இரண்டு முறை எழுவார். பல்லைக் கடிப்பது, கழுத்து இறுக்கம், தலைவலி குறையும். எரிச்சல் கொஞ்சம் தணியும். இதில் எது ஊசியின் வேலை, எது நாள் ஆனதால் தானாக வந்த மாற்றம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி தொடாதவையும் உண்டு. சாத்தூர் ரோட்டில் பஸ் ஏறவே மாட்டேன் என்ற தவிர்ப்பு ஊசியால் போவதில்லை. "மருந்து கலக்குற ரூம்ல இருந்தவன் போயிட்டான், நான் ஏன் இருக்கேன்" என்ற கேள்வியை எந்த ஊசியும் தொடாது. அந்தக் கேள்வியோடு உட்கார ஒரு மனிதர் வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். இரண்டு இரவு ஒழுங்காகத் தூங்கியவர் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேசும் தெம்பைப் பெறுகிறார். அந்தத் தெம்பைத் தருவதுதான் என் ஊசியின் வேலை என்று நான் கருதுகிறேன். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

எந்தப் புள்ளியில் போடுகிறார்கள் என்பதைவிட எப்படிப் போடுகிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கமோ, இரு புருவங்களுக்கு நடுவிலோ, எங்கே போட்டாலும் சரி. அதிர்ச்சியிலிருந்து மீளாத ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் வரிசையாக ஊசி குத்தி, திரையை இழுத்துவிட்டு அரை மணி நேரம் தனியே விட்டுப் போனால் அவருக்கு அது இன்னொரு அகப்படல். அசையவும் முடியாது, யார் வருகிறார்கள் என்று பார்க்கவும் முடியாது. நான் முதல் நாள் உட்கார வைத்துத்தான் போடுவேன். கதவு தெரிகிற நாற்காலி. ஊசியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியும்படி கையில் ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். தொடும் முன் சொல்லிவிட்டுத் தொடுவேன். "எடுங்க" என்றால் காரணம் கேட்காமல் அந்த நொடியே எடுத்துவிடுவேன். விபத்தில் என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், தோண்ட மாட்டேன். சிலர் ஊசி ஏறியதும் அழுவார்கள். அது கெடுதல் இல்லை. சிலர் கண் திறந்திருக்க எங்கோ போய்விடுவார்கள், கூப்பிட்டால் பதில் வராது. அதை ஆழ்ந்த ஓய்வு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. ஊசிகளை எடுத்துவிட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் கண்ணில் படும் பொருட்களைப் பெயர் சொல்லச் சொல்லித் திரும்ப அழைத்து வர வேண்டும். இது தெரியாதவரிடம் உங்கள் தம்பியை விடாதீர்கள். விசாரிக்கும்போது நேராகவே கேளுங்கள்: "தம்பி நடுவுல பயந்துட்டா என்ன பண்ணுவீங்க?" பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

வெடிவிபத்து என்பதால் வேறு சில விஷயங்களும் உண்டு. பெரிய வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழியலாம், உள்காது பழுதாகலாம். காதில் ஓயாத இரைச்சல் இருந்தாலே தூக்கம் போய்விடும், சத்தம் தாங்காது. வெடி அதிர்விலோ கீழே விழுந்ததிலோ தலைக்குள் அடிபட்டிருந்தால் மறதி, எரிச்சல், தலைவலி எல்லாம் மனநோய் போலவே தெரியும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை செவித்திறன் சோதனை செய்தீர்களா, அன்று தலைக்கு ஸ்கேன் எடுத்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊசிக்கு முன் அது. தீக்காயத் தழும்பின் மீதும், தோல் ஒட்டிய இடத்திலும், வீங்கித் தடித்த தழும்பிலும் ஊசி போட விடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய ஊசியாக, உங்கள் கண்முன் உறை பிரித்ததாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகக் கூடாது, மயக்கம் வரும்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னது பற்றி எனக்குக் கோபமே வருகிறது. செர்ட்ராலின் வகை மாத்திரையைத் திடீரென விட்டால் தலைசுற்றல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, கெட்ட கனவு, படபடப்பு வரும். கூடவே குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரை நெடுநாள் ஓடியிருந்து சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அப்போது நம் ஊரில் சிலர், "பயப்படாதீங்க, மருந்தோட கழிவு வெளியேறுது" என்பார்கள். அது கழிவு அல்ல. எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தவிர யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது, நான் சொன்னாலும் கூடாது. குறைப்பதாக இருந்தால் அவர் சில வாரங்களில் மெல்லக் குறைப்பார்.

அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக மத்திய அரசு 2019-இல் அங்கீகரித்தது. ஆனால் போர்டு மாட்டியவரெல்லாம் ஒரே அளவு படித்தவர்கள் அல்ல. மருத்துவப் பட்டத்தோடு கற்றவர்கள் இருக்கிறார்கள், சில மாதச் சான்றிதழோடு தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் மனசாட்சியோடு வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் நாடி பார்த்து, ஊசியே போடாமல் ஒரு புள்ளியில் விரலால் தொட்டு அனுப்பும் முறையும் வெகுவாகப் பரவியிருக்கிறது. நான் மேலே சொன்ன ஆய்வுகள் ஊசியைப் பற்றியவை. தொடு முறைக்கு அவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது. எங்கே போனாலும், என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, முன்பணமாக மொத்தத் தொகையும் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே ஊசி போடுகிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

மந்திரிப்பதைப் பற்றி. பாண்டி கோயிலிலோ கோரிப்பாளையம் தர்காவிலோ திருநீறோ தாயத்தோ வாங்கிக் கட்டுவதால் உங்கள் தம்பிக்குக் கெடுதல் இல்லை. பெரியவர்களின் மனமும் ஆறும், அவர்கள் மாத்திரைக்கு எதிராக நிற்க மாட்டார்கள். அடிப்பதோ, கட்டி வைப்பதோ, பட்டினி போடுவதோ இருந்தால் அங்கே நிற்கவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னாளில் அதே ஏர்வாடியில் துவாவோடு, அதாவது தர்கா பிரார்த்தனையோடு, சேர்த்து மருந்தும் கொடுக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. ஊசிக்கும் அந்த வரிசை பொருந்தும்: கூடவே இருக்கலாம், குறுக்கே நிற்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது, மாத்திரையை ஒழுங்காகத் தொடங்குவது. நடுவில் விட்டு விட்டுப் போட்டதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீண்டும் எந்த அளவில் தொடங்குவது என்று அவர் சொல்வார். மதுரை பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராசாசி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் திருமங்கலம் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் விசாரியுங்கள், அலைச்சல் மிச்சம். பேச்சுச் சிகிச்சைக்கு ஆலோசகர் யார் என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் நெரிசலில் மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், மாத்திரையோடு சாராயம் சேர்வது ஆபத்து. "செத்திருக்கலாம்" என்ற பேச்சு வந்தால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். இரவு நேரமானால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மாத்திரை ஒழுங்காகி மூன்று, நான்கு வாரம் ஆன பிறகு, தம்பிக்கே விருப்பம் இருந்தால் அக்குபங்சரைச் சேருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, ஆறு வாரம் வரை பாருங்கள். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை முறை எழுந்தார் என்று மட்டும் குறித்து வாருங்கள். ஆறு வாரத்தில் அந்தக் கணக்கில் மாற்றம் இல்லையென்றால் ஊசியை நிறுத்திவிடலாம், அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள். மாற்றம் இருந்தால் அந்த நோட்டை மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். அக்குபங்சர் போவதை அவரிடம் மறைக்க வேண்டாம். திட்டுவார் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள், பிறகு எது வேலை செய்தது என்று அவருக்கும் புரியாமல் போகிறது.